கடைசி ஆள்

ஓப்பல் கெர்பர் தன் கல் கொட்டகையின் வாசலில் நின்றபடி நாங்கள் சைக்கிள்களை இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டிய பெண்மணி, ஆண்பிள்ளைச் சட்டை, முழங்கால் வரை காய்ந்த சேறு. பிக்கப் வண்டியிலிருந்து மூன்று சைக்கிள்களும் இறங்கி, டயர்களை அழுத்திப் பார்த்து, தண்ணீர் பாட்டில்களை மாட்டி முடிக்கும் வரை அவர் அங்கிருந்து நகரவில்லை. ஏப்ரல் மாதக் காலை. எங்கோ யாரோ புல்வெளியை எரிக்கும் வாசனை காற்றில் லேசாக வந்தது. கான்சாஸில் எங்கள் குன்றுகளில் ஏப்ரல் என்றாலே அந்த வாசனைதான். பழைய புல்லை எரித்தால்தான் மாட்டுக்குப் புதுப்புல் முளைக்கும்.

நாங்கள் மூன்று பேர். நான் லோயிஸ், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். என் தங்கை ரோண்டா, ஊரில் முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாள். அப்புறம் என் வீட்டுக்காரன் மெர்ல். மாட்டுச் சந்தையில் ஏலம் விடுகிறவன்.

மெர்லைப் பற்றிச் சொல்வதென்றால் அவன் தொண்டையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். மைக் இல்லாமலே சந்தைக் கொட்டகையின் பின்வரிசை வரை கேட்கும். மூச்சு விடாமல் விலையை ஏற்றிக்கொண்டே போய், ஒரு தரம், இரண்டு தரம் என்று இழுத்து, மூன்றாம் தரத்துக்குச் சுத்தியலைத் தட்டும்போது களத்தில் நிற்கும் மாடுகூட ஒரு நொடி அசையாது. எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அந்தத் தொண்டையால்தான். நான் அவனைக் கட்டிக்கொண்டதே அந்தக் குரலுக்காகத்தான், முகத்துக்காக இல்லை என்று ரோண்டா சொல்வாள். பொய்யில்லை.

ஜூன் மாதம் எங்கள் ஊரில் சரளைச் சாலை சைக்கிள் பயணம் நடக்கும். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். அந்த வருஷம் புதிதாக, ஓப்பலின் மேய்ச்சல் நிலத்துக்குள் போகும் பழைய குதிரை வண்டிச் சாலையையும் சேர்க்கலாம் என்று பேச்சு. ஊர் உண்டாவதற்கு முன்பே இருந்த சாலை. அதை ஓட்டிப் பார்த்துவிட்டு வரத்தான் நாங்கள் போனோம்.

மேய்ச்சல் நிலத்துக்குள் போகிற எவருக்கும் ஒரே சட்டம்தான். கேட் மூடியிருந்தால் மூடிவிட்டுப் போக வேண்டும், திறந்திருந்தால் திறந்தபடி விட வேண்டும். கூட்டமாகப் போனால் பின்னால் வருகிறவன்தான் மூடுவான். மூடிவிட்டு, "கடைசி!" என்று கத்துவான். அப்போதுதான் முன்னால் போகிறவர்களுக்கு, எல்லோரும் வந்தாயிற்று, கேட்டும் மூடியாயிற்று என்று தெரியும். எங்கள் கூட்டத்தில் எப்போதும் மெர்ல்தான் பின்னால். ஏற்றத்தில் அவன் வயிறு அவனைவிட மெதுவாக ஏறும். அந்த வார்த்தை அவன் வாயிலேயே குடியிருந்தது. படுக்கை அறை விளக்கை அணைக்கும்போதுகூட "கடைசி!" என்று சொல்லிவிட்டுத்தான் படுப்பான், கிறுக்கன்.

"மூணு கேட் இருக்கு," என்றார் ஓப்பல். "மூணும் மூடித்தான் இருக்கும். மூடிட்டுத்தான் போகணும். மூணாவதுக்கு அந்தப் பக்கம் கன்னுக்குட்டிங்க நிக்குது. பக்கத்து நிலத்துல இன்னைக்கு எரிக்கிறாங்க. காத்து உங்க பக்கம் இல்ல. ஆனாலும் மத்தியானத்துக்கு மேல உள்ள நிக்காதீங்க."

"சாப்பாட்டு நேரத்துக்குள்ள அந்தப் பக்கம் போயிருவோம் ஓப்பல், கவலைய விடுங்க," என்றேன்.

"இன்னொண்ணு. கேட்டை மூடிட்டு நீங்கள்லாம் ஒரு வார்த்தை கத்துவீங்களாமே. என் நிலத்துல அதைக் கத்தக் கூடாது."

மெர்ல் சிரித்தான். "எதை? கடை..."

ஓப்பலின் கை அவன் வாய்க்கு நேராகப் போய் நின்றது. அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். எங்களை நன்றாகத் தெரிந்த மனுஷி. அவரிடம் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

"மூடியாச்சுன்னு சொல்லு. ஆமென்னு சொல்லு. உங்க மாமியா பேரைச் சொல்லு. அதை மட்டும் சொல்லாத."

"ஏன், மாடு மிரளுமா?"

"மாடு மிரளாது," என்றார் ஓப்பல். பிறகு, கோபித்துக்கொண்டதற்குப் பரிகாரம் போல, உள்ளே போய் இறைச்சியும் முட்டைக்கோசும் அடைத்துச் சுட்ட பீராக் ரொட்டிகளைக் காகிதப் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். இன்னும் சூடாக இருந்தன.

முதல் கேட் வரை நல்ல பாதை. இரண்டு பக்கமும் சுண்ணாம்புக்கல் வேலிச் சுவர், அதற்கு அப்பால் காய்ந்து மஞ்சளாகிக் கிடந்த புல், அதற்கும் அப்பால் வானம்தான். சக்கரங்களுக்கு அடியில் சக்கிமுக்கிக் கற்கள் நறநறத்தன. எங்கள் பக்கத்துச் சரளை சாதுவான சரளை இல்லை. கத்தி மாதிரி டயரைக் கிழிக்கும். ரோண்டா முன்னால், நான் நடுவில், மெர்ல் பின்னால். மிதிக்காமல் உருள விட்டால் அவன் பின்சக்கரம் வெட்டுக்கிளி போல டிக் டிக் என்று சத்தம் போடும். எண்ணெய் போடு என்று நான் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன சத்தம் அது.

முதல் கேட் கம்பிக் கேட். மூன்று வரி முள்கம்பியை ஒரு கழியில் கட்டியிருப்பார்கள். அந்தக் கழியைத் தோளால் கட்டிப்பிடித்து, கல்தூணோடு நெருக்கி, கம்பி வளையத்தை மேலே மாட்ட வேண்டும். பழக்கமில்லாதவன் அரை நாள் போராடுவான். நானும் ரோண்டாவும் தாண்டிப் போய்விட்டோம். பின்னால் மெர்ல் முக்கி முனகி வளையத்தை மாட்டினான்.

"கடைசி!"

சந்தைக் கொட்டகையில் கத்துகிற அதே குரல். குன்று முழுக்கப் போய்த் திரும்பி வந்தது.

"யோவ்!" என்றேன். "அந்தம்மா என்ன சொல்லிச்சு? காது எங்க இருக்கு உனக்கு?"

"தானா வந்துருச்சு, பாஸ்." அவன் என்னைக் கூப்பிடுவதே அப்படித்தான். உண்மையிலேயே வெட்கப்பட்டான். "முப்பது வருஷப் பழக்கம். வாய் சும்மா இருக்குமா?"

"இந்தக் கிழவன் செத்தாலும் பெட்டி மூடினப்புறம் உள்ளேருந்து கத்துவான், பாரேன்," என்றாள் ரோண்டா.

சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்கியபோதுதான் கவனித்தேன். காலையிலிருந்து வேலிக்கு வேலி கூவிக்கொண்டிருந்த புல்வெளிக் குருவிகள் ஒன்றுகூடக் கூவவில்லை. காற்றும் நின்றிருந்தது. எங்கள் பக்கத்தில் காற்று நிற்பது என்பது கடிகாரம் நிற்பது மாதிரி. ஏதோ பழுது.

அடுத்த இறக்கத்தில் மிதிப்பதை நிறுத்தி உருள விட்டேன். பின்னால் மெர்லின் டிக் டிக் கேட்டது. அதற்குப் பின்னால் இன்னொரு சத்தம் கேட்டது. யாரோ கால்களை இழுத்து இழுத்துச் சரளையில் வருவது போல.

திரும்பிப் பார்த்தேன். மெர்ல் மட்டும்தான். அவனும் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் வந்தான்.

கூரையில்லாத பழைய கல் பள்ளிக்கூடம் ஒன்றின் நிழலில் உட்கார்ந்து பீராக்கைத் தின்றோம். மெர்ல் தன்னுடையதைப் பாதி தின்றுவிட்டு வைத்தான். மெர்ல் சாப்பாட்டை மிச்சம் வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"யாரோ பின்னாடி வராங்க, பாஸ்," என்றான் தாழ்ந்த குரலில்.

"யாரு? ஓப்பலோட ஆளா?"

"தெரியல. ஏத்தத்துல மூச்சு வாங்குறது கேட்டுது. நான் நின்னா நிக்குது."

"உன் மூச்சையே நீ கேட்டிருப்ப," என்றாள் ரோண்டா. ஆனால் சொல்லிவிட்டு அவளும் வந்த பாதையைப் பார்த்தாள்.

பாதை வெறுமையாக இருந்தது. தெற்கே வானத்தின் அடிப்பகுதி மட்டும் கொஞ்சம் பழுப்பாகியிருந்தது.

இரண்டாவது கேட்டில் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகவே நின்றோம். யாரும் சொல்லி வைத்துக்கொள்ளவில்லை, தானாக அப்படி ஆயிற்று. சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு தாண்டினோம். மெர்ல் கழியைக் கட்டிப்பிடித்து வளையத்தை மாட்டினான். என்னைப் பார்த்து, நல்ல பிள்ளை போல, மெதுவாகச் சொன்னான்.

"மூடியாச்சு."

கேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

"கடைசி."

எதிரொலி இல்லை. மெர்ல் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. குரலும் அவனுடையது இல்லை. தண்ணீரைப் பார்த்தே பல நாளான தொண்டை அது. உரக்கவும் இல்லை. கேட்டுக்கு ஒட்டினாற்போல ஒருவன் நின்று, உன் முகத்தைப் பார்த்து, நீ சொன்னது தப்பு என்று பணிவாகத் திருத்தினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

அங்கே யாரும் இல்லை.

மேலே மாட்டிய கம்பி வளையம் லேசாக ஆடியது.

"நீயும் கேட்டியா?" ரோண்டா என் கையைப் பிடித்தாள்.

"ஏறு சைக்கிள்ல," என்றேன். "ரெண்டு பேரும் ஏறுங்க."

மெர்ல் ஏறவில்லை. "பின்னாடி ஒரு ஆள் இருக்கான், லோயிஸ். யாரையும் விட்டுட்டுப் போறதில்லன்னு நாமதானே ஊர் பூரா சொல்லிட்டுத் திரியிறோம்? டயர் கிழிஞ்சு கெடக்கானோ என்னவோ."

"நீ கண்ணால ஒரு ஆளைப் பாத்தியா?"

"இல்ல."

"அப்ப ஏறு."

ஏறினான். ஆனால் அவனுக்கு மனசில்லை. அது அவன் முதுகிலேயே தெரிந்தது. மெர்ல் அப்படிப்பட்டவன். சாலையில் ஆமை கிடந்தால்கூட வண்டியை நிறுத்தி ஓரமாக எடுத்து வைத்துவிட்டு வருவான்.

காற்று திரும்பியதை மூக்குதான் முதலில் சொன்னது. காலையில் லேசாக வந்த வாசனை இப்போது கண்ணை எரித்தது. குன்றுக்கு மேலே சூரியன் சிவந்து, சிறுத்து, தேய்ந்த செப்புக் காசு போல ஆனது. பக்கத்து நிலத்துத் தீ வேலியைத் தாண்டிவிட்டது. எரிந்து முடிந்த கருப்பு நிலத்தில் ஏறி நின்றுகொண்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் புகைக்குள் எது கருப்பு, எது மஞ்சள் என்று கண்ணுக்குத் தெரிய வேண்டுமே.

"மிதி! மிதி!" என்று கத்திக்கொண்டே போனேன். கடைசி ஏற்றம் பெரிய ஏற்றம். உச்சியிலிருந்து பார்த்தால் பள்ளத்தில் மூன்றாவது கேட் தெரிந்தது. அதற்கு அப்பால் தார்ச் சாலை. உச்சியில் திரும்பிப் பார்த்தேன். மெர்ல் பாதி ஏற்றத்தில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். கையை ஆட்டினான், போ போ என்று. போனேன். கேட்டைத் திறந்து வைத்தால் அவன் நிற்காமல் உருண்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

கீழே கேட்டுக்கு அந்தப் பக்கம் கன்றுக்குட்டிகள் மிரண்டுபோய் முட்டி மோதிக் கதறிக்கொண்டிருந்தன. திறந்தால் நேராகத் தீக்குள்தான் ஓடும். ரோண்டா கழியைப் பிடித்து ஒரு ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்துகொண்டாள். நான் குறுக்கே நின்று கன்றுகளை விரட்டிக்கொண்டிருந்தேன். உச்சியிலிருந்து புகை சரிவில் இறங்கி வந்தது. முதலில் குன்று மறைந்தது. பிறகு பாதை மறைந்தது. பிறகு எங்கள் கால்களே தெரியவில்லை.

"வரான்," என்றாள் ரோண்டா.

புகைக்குள் ஒரு உருவம். குனிந்த தலை, கூனிய முதுகு. சைக்கிளில் வந்ததா, நடந்து வந்ததா என்று இன்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நாங்கள் மெர்லை எதிர்பார்த்தோம், அதனால் மெர்லைப் பார்த்தோம். எங்கள் இருவருக்கும் நடுவில், கையெட்டும் தூரத்தில், கேட்டைத் தாண்டிப் போனது. ஒரு கை நீண்டு, போகிற போக்கில், கல்தூணைத் தடவிவிட்டுப் போனது. கன்றுகள் கதறுவதை நிறுத்திவிட்டு இரண்டாகப் பிளந்து வழி விட்டன.

கருகிய முடியின் நாற்றம் அடித்தது.

"வந்துட்டான், அக்கா, மூடிரலாம்!" ரோண்டா கழியை இழுத்தாள்.

நான் பேருந்தைப் பூட்டும் முன் பின்சீட்டு வரை நடந்து பார்க்கிறவள். ஏதாவது ஒரு பிள்ளை தூங்கிப் போயிருக்குமோ என்று ஒவ்வொரு நாளும் சீட்டுச் சீட்டாகப் பார்க்கிறவள். அந்தப் பழக்கம்தான் என் கையைப் பிடித்து நிறுத்தியது. என்னவோ சரியில்லை. இறக்கத்தில் வந்தவனுக்கு டிக் டிக் சத்தம் எங்கே? சரளை ஏன் நறநறக்கவில்லை?

தாண்டிப் போனவனைத் தேடிச் சாலையைப் பார்த்தேன். அந்தப் பக்கம் புகை அவ்வளவு இல்லை. தார்ச் சாலை வரை தெளிவாகத் தெரிந்தது.

ஒருவரும் இல்லை.

"மூடாத!"

"தீ வருது, அக்கா! கன்னுங்க..."

"மூடாதடி! அது மெர்ல் இல்ல!"

புகைக்குள் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினேன். "மெர்ல்! கத்துடா! எங்க இருக்க? கத்து!"

தீ புல்லைத் தின்னும் சத்தம் கேட்டது. அதற்கு மேலே, நான் நினைத்ததைவிட ரொம்பப் பக்கத்திலிருந்து, சந்தைக் கொட்டகையை அதிர வைக்கிற அந்தக் குரல் வந்தது.

"கடைசி! நான்தான் கடைசி! பாஸ், மூடிராத! நான் இருக்கேன்! கடை..."

அங்கேயே அறுந்தது. இருமல் இல்லை, முனகல் இல்லை. ரேடியோவை அணைத்தது மாதிரி.

சட்டையை இழுத்து மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே ஓடினேன். ரோண்டா என் பெயரைச் சொல்லிக் கதறினாள். ஓடக்கூட வேண்டியிருக்கவில்லை. கேட்டிலிருந்து நாலு எட்டில், முள்கம்பி வேலிக்குப் பக்கத்தில், மெர்ல் மண்டியிட்டிருந்தான். சைக்கிள் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் கம்பியைத் தடவித் தடவி, திறப்பு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தான். உள்ளங்கைகளில் ரத்தம். கக்கத்தில் கையைக் கொடுத்து இழுத்தேன். முதுகுப் பக்கம் சட்டை சுட்டது. எப்படி அந்தப் பெரிய உடம்பை வெளியே கொண்டுவந்தேன் என்று கேட்காதீர்கள்.

விழுந்து கிடந்த எங்களைத் தாண்டி ரோண்டா கேட்டை மூடினாள். அவளுக்கு அழுகையில் கண் தெரியவில்லை, ஆனாலும் வளையத்தை மாட்டினாள். தீ வேலி வரை வந்து, கன்றுகள் மொட்டையாக மேய்ந்திருந்த தரையில் தின்ன எதுவும் இல்லாமல், படுத்தது.

மெர்ல் வாயைத் திறந்து என்னைப் பார்த்து ஏதோ சொன்னான். உதடுகள் அசைந்தன. நாக்கு அசைந்தது. தொண்டைக்குழி ஏறி இறங்கியது.

சத்தம் வரவில்லை.

தண்ணீர்த் தொட்டி கட்டிய வண்டியில் முதலில் வந்து சேர்ந்தது ஓப்பல்தான். மெர்லைப் பார்த்தார். கல்தூணைப் பார்த்தார். அதில் புதிதாக ஒரு கைத்தடம் இருந்தது, கரியால் அப்பியது போல. ஆம்புலன்ஸ் வரும் வரை அவர் மெர்லின் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"சொல்லிட்டானா?"

"வாய் தவறி வந்துருச்சு. முதல் கேட்டுல."

"எங்க தாத்தா காலத்துல," என்றார், "இதே மாதிரி எரிக்கிறப்ப தீ திரும்பிருச்சு. வேலையாளுங்க எல்லாம் குதிரையில இந்தக் கேட்டுக்கு ஓடி வந்தாங்க. பின்னாடி வந்தவன் திரும்பிக்கூடப் பாக்கல. கடைசின்னு கத்திட்டான். மூடி வளையத்தை மாட்டிட்டாங்க. ஆனா ஐரா அப்படின்னு ஒரு கூலியாள், அவன் குதிரை விழுந்து, நடந்து வந்துட்டிருந்தான். மறுநாள் பாத்தா இந்தக் கழியைக் கட்டிப்பிடிச்சபடியே கெடந்தானாம். வளையத்தைத் தூக்க விரல்ல தோல் இல்ல."

நான் மெர்லின் கிழிந்த உள்ளங்கைகளைப் பார்த்தேன்.

"வேற எந்தத் தொந்தரவும் பண்ண மாட்டான். அந்த வார்த்தையைச் சொன்னா மட்டும் வருவான். நீ கடைசி இல்லன்னு சொல்றதுக்கு." ஓப்பல் தூணில் இருந்த தடத்தைத் தன் கையுறையால் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. "அவன் இந்தக் கேட்டைத் தாண்டி வெளிய போய் நான் பாத்ததே இல்ல, லோயிஸ். நீ தெறந்தா வெச்சிருந்த?"

மருத்துவமனையில் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புகை குடித்திருக்கிறான், ஆனால் குரல்வளையில் புண்ணே இல்லை, சுத்தமாக இருக்கிறது, வந்துவிடும் என்றார் டாக்டர். வரவில்லை. கை ஆறியது, முதுகு ஆறியது. புல்வெளி பச்சையாகி, ஆள் உயரம் வளர்ந்து, மறுபடி காய்ந்து மஞ்சளானது. மெர்லிடமிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. தூக்கத்தில் குறட்டைகூட விடுவதில்லை. முப்பது வருஷமாக அந்தக் குறட்டையைத் திட்டியவள் நான். இப்போது அது இல்லாமல் தூக்கம் வராமல் கிடந்தேன்.

சந்தையில் வேறு ஒருவன் ஏலம் விடுகிறான். மெர்லுக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டுமே என்று, களத்துக்கு மாடுகளை விடும் கதவைத் திறந்து மூடுகிற வேலையைக் கொடுத்தார்கள். புது ஆள் மூன்றாம் தரம் சொல்லும் ஒவ்வொரு முறையும் மெர்லின் உதடுகள் கூடவே அசையும். அதைப் பார்க்க முடியாமல் நான் சந்தைப் பக்கம் போவதையே விட்டேன். புகைக்குள் என்ன நடந்தது என்று எழுதிக் காட்டச் சொல்லிப் பேனாவைக் கையில் கொடுத்தேன். பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டான். என் புருஷனை உயிரோடு இழுத்துக்கொண்டு வந்தேன் என்று ஊர் என்னைப் புகழ்கிறது. பாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தது எனக்குத்தான் தெரியும்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. பகல் வெளிச்சம், தெளிந்த வானம். கடையிலிருந்து சாமான் வாங்கிக்கொண்டு வந்தோம். நான் சமையலறைக் கதவு வழியாக முன்னால் போனேன். மெர்ல் பின்னால் வந்து, பைகளைத் தரையில் வைத்துவிட்டு, காலால் கதவைச் சாத்தினான். நான் பால் டப்பாவை எடுத்து ஃபிரிட்ஜைத் திறந்தேன்.

"கடைசி!"

டப்பா கையிலிருந்து நழுவியது.

மெர்லின் குரல். அதே கனம், அதே இழுப்பு. ஆறு மாதமாக நான் ஏங்கிக் கிடந்த குரல். போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. "மெர்ல்!" என்று கத்திக்கொண்டு திரும்பினேன்.

மெர்ல் வாயை மூடிக்கொண்டு நின்றான்.

அவன் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கடைசி!" என்றது மறுபடியும். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. கண்ணாடி வழியே பார்த்தால் வாசல்படி, பிக்கப் வண்டி, காலியான சாலை. வேறு எதுவும் இல்லை. "பாஸ், மூடிராத! நான் இருக்கேன்!"

கருகிய முடியின் நாற்றம் கதவு இடுக்கு வழியே உள்ளே வந்தது.

"வேணாம், மெர்ல்," என்றேன்.

அவன் முகத்தில் பயம் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. தொலைத்த பொருளைத் தெருமுனையில் பார்த்துவிட்டவன் முகம் அது. கதவைத் திறந்தான். மேய்ச்சல் நிலத்தில் பின்னால் வருகிறவனுக்காகக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல, தோளால் கதவைத் தாங்கிக்கொண்டு, ஒதுங்கி, வழி விட்டு நின்றான்.

பாய்ந்துபோய் அவன் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தேன். என் பலம் முழுக்கப் போட்டு உள்ளே இழுத்தேன். இருவரும் அடுப்பு மேடை வரை தடுமாறி வந்து மோதினோம். அவன் கைகள் இரண்டும் என் கைக்குள்தான் இருந்தன. விடவே இல்லை.

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

மெர்லின் வாய் திறந்தது. உதடுகள் அந்த வார்த்தைக்கு அசைந்தன. நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போதாவது வருமா என்று.

வந்தது. எங்கள் இருவருக்கும் பின்னால், சமையலறைக்கு உள்ளேயிருந்து, திருப்தியாக, தாழ்ந்து, மெர்லின் குரலில்.

"கடைசி."